வீல்சேரில் ஒருவர், பக்கத்தில் ஒருவர்: பயணம், வெளிச்சாப்பாடு, ஊர்சுற்றல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் வீல்சேரில் போகிறேன், என் கணவர் நடந்து வருகிறார். புதிதாக வீல்சேருக்கு வந்தவர்களும் அவர்களுடைய கணவன் மனைவியரும் எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். அளவு, பேட்டரி, கழிப்பறைக் கதவு என்று நிறைய வரும். எல்லாம் ஒரே காரணத்துக்காக: கூட வருபவர் அன்றைக்கு முழுநேர உதவியாளராக மாறிவிடக் கூடாது. ஜோடியாகக் கிளம்பினால் ஜோடியாகவே அந்த நாளைக் கழிக்க வேண்டும்.

போனில் கேட்டால் "வீல்சேர் வசதி இருக்கு" என்கிறார்கள். நேரில் போனால் வாசலிலேயே படி. என்ன செய்வது?

கேள்வியை மாற்றுங்கள். "வசதி இருக்கா?" என்று கேட்டால் "இருக்கு" என்ற பதில்தான் வரும். அவர்கள் பொய் சொல்லவில்லை. நடப்பவர் கண்ணில் ஒற்றைப் படி பதியாது, தினமும் ஏறி இறங்கி அது அவர்களுக்குத் தரையாகவே ஆகிவிட்டிருக்கும். அதனால் இப்படிக் கேளுங்கள்: "தெருவிலிருந்து மேசை வரைக்கும் வரும் வழியில் எங்கேயாவது ஒரு படியாவது, உயரமான நிலைப்படியாவது இருக்கிறதா? மிகக் குறுகலான கதவு எது? அது எத்தனை சென்டிமீட்டர்?"

கதவை நன்றாகத் திறந்து வைத்த பிறகு நடுவில் கிடைக்கும் இடைவெளி 80 செ.மீ-க்குக் குறையாமல் இருந்தால் பெரும்பாலான நாற்காலிகள் போய்விடும். கையால் உருட்டும் நாற்காலி வெளிச்சக்கரத்திலிருந்து வெளிச்சக்கரம் வரை 60 முதல் 68 செ.மீ வரை இருக்கும், அதற்கு மேல் உங்கள் விரல் முட்டிகளுக்கும் இடம் வேண்டும். உங்கள் நாற்காலியை ஒருமுறை டேப் வைத்து அளந்து, அகலம், நீளம், உட்காரும் உயரம், எடை நான்கையும் போனில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இருவர் போனிலும் இருக்கட்டும்.

சாய்தளம் இருக்கிறது என்றால் அதன் நீளத்தைக் கேளுங்கள். பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு 1-க்கு 12, அதாவது 15 செ.மீ உயரப் படிக்கு 180 செ.மீ நீளச் சாய்தளம். அதே படிக்கு 60 செ.மீ பலகையைப் போட்டு வைத்திருந்தால் அதில் தனியாக ஏறவே முடியாது, பின்னால் தள்ளுபவருக்கும் ஆபத்து.

இன்னொன்று. வரவேற்பில் இருப்பவரைவிட வாசல் காவலருக்கும் துப்புரவுப் பணியாளருக்கும்தான் கட்டடம் நன்றாகத் தெரியும். எந்தக் கதவு எப்போது பூட்டியிருக்கும், லிஃப்ட் எத்தனை நாளாக ஓடவில்லை என்பதெல்லாம் அவர்கள் சொல்லித்தான் தெரியவரும். கூட்டம் இல்லாத நேரத்தில் கூப்பிட்டு, வாசலை ஒரு படம் எடுத்து அனுப்பச் சொன்னால் பலர் சந்தோஷமாக அனுப்புகிறார்கள். அந்த ஒரு படம் பத்துக் கேள்விக்குப் பதில் சொல்லிவிடும்.

ஒரு படிதானே, தூக்கிவிடலாம் என்கிறார் என் கணவர். சரிதானா?

தூக்குவதும் ஏற்றுவதும் வேறு. ஆளோடு சேர்த்து நாற்காலியைத் தூக்குவது இடுப்பைக் கெடுக்கும் வேலை. பேட்டரி நாற்காலி தனியாகவே 100 கிலோவைத் தாண்டக்கூடும் என்பதால் அதைத் தூக்கும் பேச்சே வேண்டாம்.

கையால் உருட்டும் நாற்காலியை ஒரு படி ஏற்றலாம். பின்னாலிருந்து நாற்காலியை லேசாகச் சாய்த்து, முன்னால் உள்ள சின்னச் சக்கரங்களை மேலே வைத்து, பெரிய சக்கரம் படியைத் தொட்டதும் முன்னோக்கித் தள்ள வேண்டும். இறங்கும்போது நாற்காலியைத் திருப்பி, முதுகுப்பக்கமாகப் பெரிய சக்கரத்தை முதலில் இறக்குவது பாதுகாப்பு. உட்கார்ந்திருப்பவர் பின்னால் சாய்ந்து இருந்தால் போதும். வேறு யாராவது உதவ வந்தால், எதைப் பிடிக்கக் கூடாது என்று முதலில் சொல்லுங்கள். கைச்சாய்வும், பாதம் வைக்கும் ஃபுட்ரெஸ்டும் கழன்றுவரக்கூடியவை, பாதி வழியில் கையோடு வந்துவிடும். அசையாத சட்டத்தைத்தான் பிடிக்க வேண்டும்.

எத்தனை படி வரை இருவராகச் சமாளிப்பது என்ற எல்லையை வீட்டிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது "வேண்டாம்" என்று சொல்வது இருவருக்குமே கஷ்டம்.

உணவகத்தில் எந்த மேசையைக் கேட்பது?

நான்கு மூலையிலும் கால் உள்ள சாதாரண உயர மேசை. நடுவில் ஒற்றைத் தூணும் அடியில் அகலமான தட்டும் உள்ள மேசையில் ஃபுட்ரெஸ்ட் போய் முட்டிவிடும், சாப்பாட்டுத் தட்டுக்கும் உங்களுக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி இருக்கும், சாப்பிட்டு முடிப்பதற்குள் முதுகு வலிக்கும். மேசையின் மேற்பரப்பு 71-லிருந்து 86 செ.மீ-க்குள் இருப்பது நல்லது. முழங்கால் நுழைய அடியில் 68 செ.மீ அளவு வெற்றிடம் வேண்டும். ஸ்டூல் போட்ட உயர மேசையும், தரையோடு இணைத்த சோபா இருக்கையும் நமக்கு ஆகாது.

இடத்தையும் சேர்த்துக் கேளுங்கள். பரிமாறுபவர்கள் போய்வரும் பாதையில் உட்கார்ந்தால் ஒவ்வொரு தட்டுக்கும் நாற்காலியை நகர்த்த வேண்டியிருக்கும். சுவருக்கு முதுகு கொடுத்து, வெளியேறும் வழி அடைபடாத மேசைதான் நிம்மதி. முன்பதிவு செய்யும்போதே "ஒரு நாற்காலியை எடுத்துவிடுங்கள்" என்று சொல்லிவிட்டால், போய் நின்றதும் நாற்காலிகளை இழுத்து ஒதுக்கும் களேபரம் இருக்காது. எதிரெதிரே உட்காருவதைவிட மேசையின் மூலையில், ஒருவர் இந்தப் பக்கமும் ஒருவர் அந்தப் பக்கமுமாக உட்கார்ந்து பாருங்கள். பேச்சும் காதில் விழும், தட்டை நகர்த்தவோ தண்ணீர் எடுத்துக் கொடுக்கவோ எழுந்து சுற்றிவர வேண்டியதில்லை.

சிலர் நாற்காலியிலிருந்து இறங்கிச் சாதாரண இருக்கைக்கு மாறி உட்கார விரும்புவார்கள். முடிந்தால் செய்யுங்கள். ஆனால் உங்கள் குஷனை விட்டுவிடாதீர்கள், மெத்தை இல்லாத மர நாற்காலியில் இரண்டு மணி நேரம் தோலுக்குத் தாங்காது.

பரிமாறுபவர் என்னிடம் கேட்காமல் "மேடத்துக்கு என்ன வேணும் சார்?" என்று கணவரிடம் கேட்கிறார். எரிச்சலாக இருக்கிறது.

எரிச்சல் நியாயமானது. இதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் உங்கள் கணவர் அல்ல, நீங்களும் கோபப்பட வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் இதற்கு ஒரு பழக்கம் உண்டு. அவர் பேசாமல் என்னைத் திரும்பிப் பார்ப்பார், அவ்வளவுதான். கேட்டவரின் பார்வையும் தானாக என் பக்கம் வந்துவிடும். நான் எனக்கு வேண்டியதைச் சொல்லிவிட்டு அவருக்கு வேண்டியதையும் சேர்த்துச் சொல்வேன். அதன்பிறகு அந்த மேசையில் யாரும் அவரிடம் என்னைப் பற்றிக் கேட்பதில்லை. பில்லையும் நீங்களே கேட்டு வாங்குங்கள்.

துணைக்கு ஒரு வேண்டுகோள்: நல்லெண்ணத்தில் அவசரப்பட்டு நீங்கள் பதில் சொல்லிவிடாதீர்கள். ஒருமுறை சொல்லிவிட்டால் அந்த மாலை முழுக்க எல்லாக் கேள்வியும் உங்களிடம்தான் வரும்.

கழிப்பறையை நினைத்தாலே வெளியே போகப் பயமாக இருக்கிறது. தண்ணீர் குடிக்காமல் கிளம்பிவிடுகிறேன்.

அதை மட்டும் செய்யாதீர்கள். தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர்த் தொற்று வரும் வாய்ப்பு கூடும். கதீட்டர் (சிறுநீரை வெளியேற்றும் குழாய்) வைத்துக்கொள்பவர்களுக்கு அது இன்னும் மோசம். தண்ணீரைக் குறைப்பதற்குப் பதில் அன்றைய வழியைக் கழிப்பறைகளை வைத்துப் போடுங்கள். நாங்கள் ஒரு ஊரில் இறங்கியதும் முதலில் தேடுவது அதைத்தான். இடங்களின் வரிசையை அதற்கு அப்புறம் தீர்மானிப்போம்.

நல்ல கழிப்பறை என்றால் என்ன? உள்ளே நாற்காலியை முழுதாகத் திருப்ப 150 செ.மீ விட்டத்துக்கு இடம். இருக்கை 43-லிருந்து 48 செ.மீ உயரம், அப்போதுதான் நாற்காலியிலிருந்து நழுவி மாறலாம். பக்கத்தில் நாற்காலியை நிறுத்த இடமும் ஆடாத கைப்பிடியும். கதவு வெளிப்பக்கம் திறந்தாலோ, பக்கவாட்டில் நகர்ந்தாலோ நல்லது. உள்ளே விழுந்துவிட்டால், உள்பக்கம் திறக்கும் கதவை உடல் அடைத்துக்கொள்ளும், யாராலும் திறக்க முடியாது.

ஆண் பெண் என்று பிரித்து, அதற்குள்ளே மாற்றுத்திறனாளி அறையை வைத்திருக்கும் இடங்களில் உதவி தேவைப்படும் ஜோடிகள் திண்டாடிப்போகிறார்கள். கணவர் பெண்கள் பகுதிக்குள் வர முடியாது. அதனால் போனில் கேட்கும்போது "ஆண் பெண் இருவருக்கும் பொதுவான, தனி வாசல் உள்ள கழிப்பறையா?" என்று சேர்த்துக் கேளுங்கள். அப்புறம் ஒன்று: அந்த அறையில் துடைப்பமும் உடைந்த நாற்காலியும் அட்டைப்பெட்டியும் அடுக்கி வைத்திருப்பது சகஜம். சாப்பிட உட்காருவதற்கு முன்பே ஒருமுறை எட்டிப் பாருங்கள். அடைத்து வைத்திருந்தால் உடனே எடுக்கச் சொல்லுங்கள், அவசரம் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

விமானத்தில் போக என்னென்ன சொல்ல வேண்டும்?

டிக்கெட் எடுத்த கையோடு உதவி கேட்டுப் பதிவு செய்யுங்கள். பல நாட்டு விமான நிறுவனங்கள் குறைந்தது 48 மணி நேரம் முன்பே சொல்லச் சொல்கின்றன, ஐரோப்பிய ஒன்றியத்தின் விதியும் அதுதான். உதவியில் மூன்று வகைக் குறியீடு உண்டு. படி ஏறுவீர்கள், ஆனால் தூரம் நடக்க முடியாது என்றால் டபிள்யூ-சி-எச்-ஆர். படி ஏற முடியாது, ஆனால் விமானத்துக்குள் இருக்கை வரை நடப்பீர்கள் என்றால் டபிள்யூ-சி-எச்-எஸ். நடக்கவே முடியாது, இருக்கை வரை கொண்டுபோய் விட வேண்டும் என்றால் டபிள்யூ-சி-எச்-சி. இது தப்பாகப் பதிவானால் விமானத்தின் வாசலில், இடைகழி நாற்காலி (இருக்கைகளுக்கு நடுவே போகும் குறுகலான நாற்காலி) இல்லாமல் காத்துக்கிடக்க நேரும். பதிவான எழுத்து எது என்று கேட்டு உறுதி செய்யுங்கள்.

பேட்டரிதான் பெரிய தலைவலி. கழற்றி எடுக்கும்படி வடிவமைத்த லித்தியம் பேட்டரி என்றால், ஒன்றே ஒன்று இருக்கும் நாற்காலிக்கு 300 வாட்-மணி வரை, இரண்டு இருக்கும் நாற்காலிக்கு ஒவ்வொன்றும் 160 வாட்-மணி வரை என்பது சர்வதேச வரம்பு. கழற்றிய பேட்டரி சரக்கறைக்குப் போகக் கூடாது, உங்களோடு கேபினில்தான் வர வேண்டும். பேட்டரியின் மேல் வாட்-மணி போடவில்லையா? வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்குங்கள்: 24 வோல்ட், 10 ஆம்பியர்-மணி என்றால் 240. எந்த வகையானாலும் விமான நிறுவனத்தின் ஒப்புதலை எழுத்தில் வாங்கிக் கையில் வைத்திருங்கள்.

சொந்த நாற்காலியிலேயே விமான வாசல் வரை போகக் கேளுங்கள். ஒப்படைக்கும் முன் குஷன், ஃபுட்ரெஸ்ட், பக்கப்பலகை என்று கழன்றுவரும் எதையும் கழற்றி உங்களோடு எடுத்துப்போங்கள். நாற்காலியை நான்கு பக்கமும் படம் எடுத்துவிடுங்கள். எங்கே பிடிக்கலாம், எப்படி மடிக்கலாம் என்று பெரிய எழுத்தில் எழுதி முதுகில் ஒட்டுங்கள். இறங்கியதும் விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே நாற்காலியைச் சரிபார்த்து, சேதம் இருந்தால் அங்கேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

உங்கள் துணையின் இருக்கை பக்கத்திலேயே இருக்கிறதா என்பதையும் அப்போதே பாருங்கள்.

காரில் போவது?

மாறி உட்கார முடிந்தால் கார் இருக்கைக்கு மாறுவதுதான் பாதுகாப்பு. இன்றைய மடக்கு வீல்சேர் பிறந்ததே இதற்காகத்தான். 1930-களில் அமெரிக்காவில், சுரங்க விபத்தில் முதுகெலும்பு பாதிக்கப்பட்ட ஹெர்பர்ட் எவரெஸ்ட் என்ற பொறியாளரும் அவருடைய நண்பர் ஹாரி ஜென்னிங்ஸும், காரில் எடுத்துப்போகும்படி குறுக்குச்சட்டம் வைத்த இரும்புக்குழாய் நாற்காலியை வடிவமைத்தார்கள்.

நாற்காலியோடு வேனில் ஏறுபவர்கள் நான்கு இடங்களில் பட்டை கட்டியிருக்கிறதா, உடம்புக்குத் தனி சீட் பெல்ட் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் துணை, ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்காராமல் பின்னால் வந்து உட்காரட்டும். மூன்று மணி நேரம் துணையின் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டு போவது பயணமே இல்லை.

விடுதியில் மாற்றுத்திறனாளி அறை கேட்டால் இரண்டு ஒற்றைக் கட்டில் உள்ள அறையைத் தருகிறார்கள்.

இது நிறைய ஜோடிகளின் குறை. வீல்சேரில் வருபவருடன் வருவது நர்ஸ் அல்லது உறவினர் என்று நினைத்தே பல விடுதிகள் அந்த அறைகளைக் கட்டியிருக்கின்றன. வெட்கப்படாமல் முன்பதிவிலேயே "இருவர் படுக்கும் ஒரே கட்டில் வேண்டும்" என்று எழுதுங்கள். இல்லையென்றால் இரண்டையும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள். சேர்த்துப் போட்டால் நாற்காலி நிறுத்த ஒரு பக்கம் 90 செ.மீ மிச்சமிருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கட்டில் உயரத்தைக் கட்டாயம் கேளுங்கள். சொகுசு விடுதிகளில் மெத்தை மேல் மெத்தை போட்டு 65, 70 செ.மீ வரை உயர்த்தியிருப்பார்கள். உங்கள் நாற்காலி இருக்கையின் உயரத்தோடு அது ஒத்துப்போனால்தான் உதவியில்லாமல் மாற முடியும். மேல் மெத்தையை எடுத்துவிடச் சொன்னால் பெரும்பாலும் எடுத்துத் தருவார்கள். ஆளைத் தூக்கிக் கட்டிலுக்கு மாற்றும் கருவி பயன்படுத்துபவர்கள் கட்டிலுக்கு அடியில் கருவியின் கால் நுழைய இடைவெளி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அடியில் பெட்டி வைத்த கட்டில் உதவாது.

குளியலறையில் விளிம்பு இல்லாமல் நேரே உருட்டிப் போகும் ஷவரும், உட்கார்ந்து குளிக்க உறுதியான நாற்காலியும் கேளுங்கள். பிளாஸ்டிக் ஸ்டூல் கொண்டுவந்து வைத்தால் திருப்பி அனுப்புங்கள்.

நாள் முழுக்கத் தள்ளிக் கணவர் களைத்துப்போகிறார். எனக்குக் குற்ற உணர்வு வந்துவிடுகிறது.

களைப்பு உடம்பில் மட்டும் இல்லை. ஒருவர் பின்னால் நின்று தள்ளும்போது இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதே இல்லை. அவர் சொல்வது காற்றில் போய்விடும். நீங்கள் திரும்பித் திரும்பிக் கேட்பீர்கள், கொஞ்ச நேரத்தில் இருவரும் பேசாமல் போய்க்கொண்டிருப்பீர்கள். அருங்காட்சியகம் ஒன்றில் இது எனக்கு நன்றாகத் தெரிந்தது. அவர் கை எடுத்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார். நானே மெதுவாக உருட்டிக்கொண்டு போனேன். ஒரு ஓவியத்தின் முன் நான் நின்றேன், அவர் இரண்டு ஓவியம் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்து "இதுல என்ன பாத்துட்டு இருக்க?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்காகத்தான் ஒன்றாகப் போகிறோம்.

அதனால் சமதளமான இடத்தில் நீங்களே உருட்டுங்கள், அல்லது சக்கரத்தோடு பொருத்தும் மோட்டார் கிடைத்தால் வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ பாருங்கள். மேடு வந்தால் மட்டும் அவர் கை வரட்டும். தள்ளும் கைப்பிடி அவருடைய இடுப்பை ஒட்டிய உயரத்தில் இருக்க வேண்டும், குனிந்து தள்ளினால் அரை மணியில் முதுகு போய்விடும். உட்கார நினைத்தால், பெஞ்சின் எதிரே நிறுத்தாமல் பெஞ்சின் ஓரத்தோடு ஒட்டி, இருவர் தோளும் ஒரே வரிசையில் வரும்படி நிறுத்துங்கள். வெளியூர் தங்கலில் குளிப்பாட்டவும் உடை மாற்றவும் அந்த ஊரில் ஓர் உதவியாளரைக் காலையில் மட்டும் அமர்த்திக்கொள்வதும் நல்ல யோசனை. கணவரும் விடுமுறைக்குத்தானே வந்திருக்கிறார்!

தினமும் ஒரு மணி நேரம் அவர் தனியாக எங்கேயாவது ஏறி இறங்கிவிட்டு வரட்டும். குற்ற உணர்வுக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியவில்லை.

திரையரங்கு, நாடகம், விளையாட்டு அரங்கம்?

வீல்சேர் இடம் ஒன்றை மட்டும் வாங்காதீர்கள். "பக்கத்து இருக்கையோடு சேர்த்து" என்று கேட்டு வாங்குங்கள். துணையைப் பின்வரிசையில் உட்கார வைக்கும் அரங்கங்கள் இருக்கின்றன. விளையாட்டு அரங்கத்தில் முன்னால் இருப்பவர்கள் எழுந்து நின்றால் களம் தெரியுமா என்றும் கேளுங்கள்.

கடற்கரை, பூங்கா, கோட்டை, மலை எல்லாம் மறந்துவிட வேண்டியதுதானா?

வேண்டியதில்லை. சாதாரண நாற்காலியின் முன்சக்கரம் மணலிலும் சரளையிலும் புதைவதுதான் பிரச்சினை. பலூன் போன்ற பெரிய டயர் வைத்த கடற்கரை நாற்காலிகளையும், மணல்மேல் விரிக்கும் பாய்ப்பாதையையும் வைத்திருக்கும் கடற்கரைகள் பல நாடுகளில் உண்டு. பெரும்பாலும் முன்பே சொல்லி வைக்க வேண்டும். அந்த நாற்காலியைத் தானே உருட்ட முடியாது, தள்ள ஆள் வேண்டும் என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள். மண்பாதைக்கு, முன்சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கிவிடும் ஒற்றைப் பெரிய சக்கரம் தனியாகக் கிடைக்கிறது. உப்புத்தண்ணீர் பட்டால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள், பேரிங் துருப்பிடிக்கும்.

வெயிலைப் பற்றி எச்சரிக்கை. தண்டுவடக் காயம் மார்புப் பகுதியின் ஆறாவது முள்ளெலும்பு மட்டத்துக்கு மேல் இருந்தால், காயத்துக்குக் கீழே உடம்பு சரியாக வியர்க்காது, சூடு மளமளவென்று ஏறும். தண்ணீர் தெளிக்கும் பாட்டிலும் ஈரத்துணியும் கையிலேயே இருக்கட்டும். தலைசுற்றலும் தலைவலியும் வந்தால் அன்றைய சுற்றல் அத்தோடு போதும்.

பழைய கட்டடங்களைப் பொறுத்தவரை "அது பாரம்பரியச் சின்னம், ஒன்றும் செய்ய முடியாது" என்ற பதிலை ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. ஏதென்ஸின் அக்ரோபோலிஸ் குன்றிலேயே 2020-இல் புதிய லிஃப்ட் வைத்தார்கள்.

நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பதால் புண் வருமா?

உணர்வு குறைந்த தோலுக்கு வரும். 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை கையூன்றி உடம்பைத் தூக்கியோ, முன்னால் குனிந்தோ, பக்கவாட்டில் சாய்ந்தோ அழுத்தத்தை விடுங்கள். காரிலும் விமானத்திலும்கூட. இரவில் துணையைத் தோலைப் பார்க்கச் சொல்லுங்கள். அழுத்திப் பார்த்தும் மறையாத சிவப்பு இருந்தால் மறுநாள் ஊர்சுற்றல் வேண்டாம்.

கூட என்ன எடுத்துப்போவது?

டியூப், சின்னப் பம்பு, உங்கள் நாற்காலிக்குப் பொருந்தும் ஆலன் சாவிகள் (அறுகோணத் திருகுச் சாவிகள்), இரண்டு மூன்று கேபிள் டை, மழைக்கு ஒரு போர்வைக் கோட், கையுறை. ஈரமான சக்கர வளையத்தில் கை வழுக்கும்.

எல்லாம் விசாரித்துப் போயும் உள்ளே போக முடியவில்லை என்றால்?

அதனால்தான் ஓர் இடத்தை நம்பிக் கிளம்பாமல் ஒரு பகுதியைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறேன். பக்கத்தில் இன்னும் இரண்டு உணவகமோ ஒரு பூங்காவோ இருந்தால் மாலை கெடாது. வாசலில் நின்று சண்டை போடுவதா, நகர்ந்துவிடுவதா என்பதை நாற்காலியில் இருப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும். துணை முந்திக்கொள்ளக் கூடாது.

மறுநாள் எழுதுங்கள். "வசதி இல்லை" என்று பொதுவாக எழுதாமல், படி எத்தனை சென்டிமீட்டர், கதவு எவ்வளவு அகலம், என்ன மாற்றினால் போதும் என்று படத்தோடு எழுதுங்கள். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை 2006-இல் நிறைவேறியது. அதன் 30-ஆவது பிரிவு பண்பாட்டு நிகழ்ச்சி, பொழுதுபோக்கு, விளையாட்டு, சுற்றுலா ஆகியவற்றில் பங்கெடுப்பதை உரிமையாகவே சொல்கிறது. ஊர்சுற்றுவது யாரோ நமக்குச் செய்யும் சலுகை இல்லை. உங்கள் கடிதத்தில் அந்தப் பிரிவின் எண்ணையும் போடுங்கள்.

தெரியாதவர்கள் ஓடிவந்து நாற்காலியைப் பிடித்துத் தள்ளுகிறார்கள். எப்படித் தடுப்பது?

கையை உயர்த்தி, தெளிவாக "கொஞ்சம் இருங்க, நான் சொல்றேன்" என்று சொல்லுங்கள். உதவி வேண்டாமென்றால் நன்றி சொல்லி அனுப்பலாம், வேண்டுமென்றால் எங்கே பிடிக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். நின்ற இடத்தில் எப்போதும் பிரேக்கைப் போட்டுவையுங்கள். மேட்டிலோ, சாலை ஓரத்திலோ நிற்கும்போது துணையின் ஒரு கை நாற்காலியின் முதுகில் இருந்தால் வேறு யாரும் பின்னால் வந்து பிடிக்க மாட்டார்கள்.